புது பிஎல்சிக்கு மாறும்போது பழைய அளவுகள் எங்கே போகும்?

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெயரும் நிறுவனமும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவர்களுடைய ரியாக்டர் பகுதியை ஓட்டுவது சீமென்ஸ் எஸ்7-300 (சிபியு 315-2டிபி) என்ற பிஎல்சி, அதாவது இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி. அதில் 42 ரெசிப்பிகள் (ஒவ்வொரு சரக்குக்கும் உரிய தயாரிப்பு அளவுகள்), 500 பேட்ச்களின் (ஒவ்வொரு தடவை தயாரித்த சரக்கின்) பதிவு. இடிபி எனப்படும் கழிவுநீர் சுத்திகரிப்புப் பகுதியில் ஒரு எஸ்7-200 (சிபியு 224). இரண்டையும் மாற்ற நிர்வாகம் முடிவெடுத்துவிட்டது. வேலை எடுத்திருக்கும் ஒப்பந்தக்காரர், "கார்டைக் காப்பி பண்ணிட்டா எல்லாம் வந்துடும் சார், ஆயுத பூஜை லீவுல ரெண்டு நாள் போதும்" என்கிறார். இடிபி பிஎல்சியைக் கழற்றி ஸ்டோரில் வைத்துவிட்டு, அதிலிருக்கும் புரோகிராமைப் பிறகு நிதானமாக எடுத்துக்கொள்ளலாம் என்பதும் அவர் திட்டம். இதற்கிடையில் இடிபியின் டோட்டலைசர் (இதுவரை போன மொத்தத் தண்ணீரைக் கூட்டிக் காட்டும் எண்ணிக்கை) பல வாரங்களாக 83,88,608 லிட்டர் என்ற எண்ணிலேயே நிற்கிறது. நொடிக்கு 0.4 லிட்டர் வீதம் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கிறது. "பழைய பிஎல்சியில் மெமரி தேய்ந்துவிட்டது, மாற்றினால் சரியாகிவிடும்" என்று எல்லோரும் சொல்கிறார்களாம். பிஎல்சியின் அளவுகளைக் கணினித் திரையில் காட்டும் ஸ்காடா மென்பொருளை மாற்றப் பணம் ஒதுக்கவில்லை. முதலில் புரோகிராம் எழுதியவர் சில பிளாக்குகளை, அதாவது புரோகிராமின் பகுதிகளை, பூட்டி வைத்திருக்கிறார். கார்டைக் காப்பி எடுத்தால் போதுமா, சீமென்ஸின் புதிய வகைகளில் எஸ்7-1200 வாங்கலாமா 1500 வாங்கலாமா, இரண்டு நாளில் முடியுமா, பூட்டைத் திறந்து கேட்க எங்களுக்கு உரிமை உண்டா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டதைக் காட்டுகிறது: "ரெசிப்பியை ஆபரேட்டர் அண்ணன்கள் அவ்வப்போது திரையிலேயே மாற்றுவார்கள்." அந்தச் சந்தேகம் நியாயமானது. பிஎல்சியில் புரோகிராம் ஒன்று, அது கையாளும் அளவுகள் வேறொன்று. புரோகிராம் தொலைந்தால் திரும்ப எழுதலாம். வருடக்கணக்காக ஆட்கள் தட்டித் தட்டிச் சரிசெய்த அளவுகள் தொலைந்தால் அவற்றைத் திரும்பக் கண்டுபிடிக்க நல்ல சரக்கைப் பலமுறை பாழாக்க வேண்டியிருக்கும்.

கார்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

உங்கள் 315-ல் செருகியிருக்கும் எம்எம்சி என்ற மெமரி கார்டுதான் லோடு மெமரி, அதாவது புரோகிராமைச் சேமித்து வைக்கும் இடம். அதில் புரோகிராமும், அளவுகளை வைக்கும் டேட்டா பிளாக்குகளின் ஆரம்ப மதிப்புகளும் இருக்கும். ஆபரேட்டர் திரையில் மாற்றும் மதிப்பு சிபியுவுக்குள் இருக்கும் ஒர்க் மெமரியில் (ஓடும்போது பயன்படுத்தும் இடத்தில்) மாறுகிறது. கரண்ட் போனாலும் அது அழியாமல் இருப்பதற்குக் காரணம், சிபியு தன்னுடைய ரிட்டென்டிவ் பகுதியில் அதைப் பிடித்துவைத்துக்கொள்வதுதான். கார்டுக்கு அந்த மாற்றம் தானாகப் போவதில்லை. கார்டை வேறொரு 315-ல் செருகினால் ஸ்டாப் விளக்கு மெதுவாக மினுக்கி மெமரி ரீசெட் கேட்கும். ரீசெட் கொடுத்ததும் எல்லா டேட்டா பிளாக்குகளும் கார்டில் உள்ள ஆரம்ப மதிப்போடு எழுந்து நிற்கும். ஜாக்கெட் வெப்பநிலை இன்று 86.5-ல் ஓடினாலும், முதல் நாள் எழுதிய 80.0 திரும்ப வந்துவிடும். போதாததற்கு, எஸ்7-1500-ன் கார்டு வேறு வகை. பழைய எம்எம்சி அதில் நுழையவே நுழையாது.

ஆகவே கார்டு காப்பி உங்களைக் காப்பாற்றாது. செய்ய வேண்டியது இது. சிமாடிக் மேனேஜர் மென்பொருளில் ஆன்லைனில் போய், முதலில் முழு ஸ்டேஷனையும் பிஜிக்கு (புரோகிராம் செய்யும் லேப்டாப்புக்கு) அப்லோடு செய்யுங்கள். ஹார்டுவேர் அமைப்பும் பிளாக்குகளும் வரும். பெயர்களும் குறிப்புகளும் வராது, அவை பழைய ஆஃப்லைன் புராஜெக்டில் மட்டுமே இருக்கும். அந்த புராஜெக்ட் உங்களிடம் இல்லையென்றால் இப்போதே தேடத் தொடங்குங்கள். பிறகு ஒவ்வொரு டேட்டா பிளாக்கையும் ஆன்லைனில் திறந்து டேட்டா வியூவுக்கு மாற்றுங்கள். டிக்ளரேஷன் வியூவில் தெரிவது ஆரம்ப மதிப்பு. டேட்டா வியூவில் தெரிவதுதான் இன்றைய மதிப்பு. அப்லோடு செய்த பிளாக்கிலிருந்து சோர்ஸ் ஃபைல் உருவாக்கினால், 'பிகின்' என்ற வரிக்கு மேலே ஆரம்ப மதிப்புகளும் அதற்குக் கீழே இன்றைய மதிப்புகளும் வரிசையாக நிற்கும். எக்செலுக்கு எடுத்துப் போக வேண்டியது கீழே இருக்கும் பட்டியலை. மேலே இருப்பதை எடுத்துப் போனவர்கள் புதுப் பேனலைப் பழைய ஆரம்ப மதிப்புகளோடு ஓட்டத் தொடங்கிவிட்டு, பேட்ச் கெட்ட பிறகு தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

இந்தப் பட்டியலை ஒரே தடவை எடுத்தால் போதாது. ஷட்டவுனுக்கு ஒரு வாரம் முன்பு ஒன்று, கடைசி பேட்ச் முடிந்து ரியாக்டர் காலியான பிறகு இன்னொன்று எடுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் எவை அசையாத செட்டிங், எவை ஓடிக்கொண்டிருக்கும் எண்ணிக்கை என்பது தானாகப் பிரிந்துவிடும். பேட்ச் எண், மோட்டார் ஓடிய மணி நேரம், டோட்டலைசர் எல்லாம் இரண்டாவது வகை. முதல் வகையை முன்கூட்டியே புதிய சிபியுவில் ஏற்றிவிடலாம். இரண்டாவது வகையை மாற்றும் நாளன்று மட்டுமே ஏற்ற முடியும். தயாரிப்புப் பிரிவின் ஷிப்ட் இன்சார்ஜிடம் அந்தப் பட்டியலைக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். எந்த எண் உண்மையில் முக்கியம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ரெசிப்பி உண்மையில் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். சில இடங்களில் அது பிஎல்சியில் இல்லை. ஆபரேட்டர் பேனலின் சொந்த மெமரியில் இருக்கும், பேட்ச் தொடங்கும்போதுதான் பிஎல்சிக்கு இறங்கும். அப்படியிருந்தால் பிஎல்சியிலிருந்து எடுக்கும் பட்டியலில் கடைசியாக ஓடிய ஒரே ஒரு ரெசிப்பிதான் கிடைக்கும்.

கார்டைக் கையாள்வதிலும் ஒரு எச்சரிக்கை. சிபியு ரன்னில் இருக்கும்போது எம்எம்சியை உருவாதீர்கள், கார்டே கெட்டுப்போகலாம். எம்எம்சியோ புதிய கார்டோ, லேப்டாப்பில் செருகி விண்டோஸ் ஃபார்மேட் கேட்டால் 'ஆம்' கொடுக்காதீர்கள். சாதாரண எஸ்டி கார்டு மாதிரி ஃபார்மேட் செய்த சிமாடிக் கார்டைப் பிறகு பிஎல்சி ஏற்றுக்கொள்ளாது.

83,88,608-ல் நிற்பது தேய்மானம் அல்ல

மெமரி தேய்ந்ததென்றால் டோட்டலைசர் கண்டபடி குதிக்கும், அல்லது சிபியு நின்றுபோகும். இரண்டின் 23-ஆம் அடுக்கான அந்த எண்ணிலேயே துல்லியமாக நிற்காது. உங்கள் டோட்டலைசர் 'ரியல்' (தசம எண்) வகையில் எழுதப்பட்டிருக்கிறது. 32 பிட் ரியலில் எண்ணின் இலக்கங்களுக்குக் கிடைப்பது 24 பிட் மட்டுமே. மதிப்பு 83,88,608-ஐத் தொட்டதும், அடுத்து அது குறிக்கக்கூடிய எண் 83,88,609. இடையில் ஒன்றும் கிடையாது. நொடிக்கு நொடி 0.4-ஐக் கூட்டினால், பாதிக்கும் குறைவு என்று ரவுண்டாகிப் பழைய எண்ணே திரும்பிவிடும். நாள் முழுக்கக் கூட்டினாலும் அப்படியேதான்.

தவறு இப்போதுதான் தொடங்கியது என்றும் நினைக்காதீர்கள். 20,97,152-ஐத் தாண்டியதும் எண்களுக்கு இடையேயுள்ள படி 0.25 ஆகிறது, 41,94,304-ஐத் தாண்டியதும் 0.5. இரண்டு கட்டத்திலும் 0.4 என்பது 0.5 ஆகவே கூடியிருக்கும். உங்கள் பம்ப் கடிதத்தில் சொன்ன வேகத்திலேயே ஓடியிருந்தால், அந்த நீண்ட பகுதியில் கால் பங்கு அதிகமாக எண்ணிவிட்டு, இப்போது எண்ணாமலே நிற்கிறது. கழிவுநீர் அளவு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும் பதிவோடு சம்பந்தப்பட்டது என்பதால் இதை ஒத்திப்போடாதீர்கள். ஃப்ளோ மீட்டரின் டிரான்ஸ்மிட்டரில் தனி டோட்டலைசர் இருந்தால் இன்றே அந்த எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள். வித்தியாசத்தையும் அதன் காரணத்தையும் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். வாரியத்துக்குப் போகும் பதிவைத் திருத்தும்போது காரணம் தாளில் இருப்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

இதற்குப் புது பிஎல்சி வாங்க வேண்டியதில்லை. அதே புரோகிராமை அப்படியே மாற்றினால் புது பிஎல்சியிலும் அதே எண்ணில் நிற்கும். பழைய எஸ்7-200-லேயே சரிசெய்யலாம்: ஒரு சிறிய ரியலில் லிட்டரைச் சேர்த்து, 1,000-ஐத் தாண்டும்போது அதிலிருந்து 1,000-ஐக் கழித்துவிட்டு, 'டிஇன்ட்' (32 பிட் முழு எண்) வகை எண்ணிக்கையில் 1 கூட்டுங்கள். கன மீட்டர் எண்ணிக்கை 214 கோடி வரை பிசகில்லாமல் போகும். புதிய 1200-லும் 1500-லும் 64 பிட் 'எல்ரியல்' இருக்கிறது. ஆனாலும் டிஇன்ட் முறையே எனக்கு உகந்தது, ஸ்காடா எளிதாகப் படிக்கும்.

ஸ்டோரில் வைக்கப்போகும் எஸ்7-200

இந்தத் திட்டத்தைக் கட்டாயம் நிறுத்துங்கள். சிபியு 224-ல் ஓடும் அளவுகளை, கரண்ட் இல்லாதபோது காப்பது ஒரு சூப்பர் கெப்பாசிட்டர். அது பொதுவாக 100 மணி நேரம் தாங்கும், வெப்பமான ஸ்டோரில் அதற்கும் குறைவு. பேட்டரி கார்ட்ரிட்ஜ் போட்டிருந்தால்தான் நெடுநாள் தாங்கும். புரோகிராம் இஇபிராம் என்ற நிரந்தர மெமரியில் இருப்பதால் அது பிழைத்துக்கொள்ளும்; அங்கே எழுதப்படாத வி-மெமரி (ஓடும் அளவுகள் இருக்கும் இடம்) அளவுகள் நாலைந்து நாளில் போய்விடும். எஸ்7-200-க்கான மைக்ரோவின் மென்பொருளில் சாதாரணமாக அப்லோடு செய்தாலும் நிரந்தர மெமரியில் இருக்கும் டேட்டா பிளாக்தான் வரும். ஓடும் மதிப்புகள் வேண்டுமென்றால், பிஎல்சி மெனுவில் ராமிலிருந்து டேட்டா பிளாக் உருவாக்கும் கட்டளையைக் கொடுத்த பிறகு அப்லோடு செய்யுங்கள். கழற்றுவதற்கு முன்பு, பவர் இருக்கும்போதே.

1200-ஆ, 1500-ஆ?

விலையைப் பார்த்து 1200 என்கிறார்கள். இடிபிக்கு அது போதும். ரியாக்டருக்கு எஸ்7-1500 தான் சரி என்பது என் கருத்து. காரணம், ரிட்டென்டிவ் மெமரியின் அளவு. 42 ரெசிப்பிக்கு, ஒவ்வொன்றிலும் 30 அளவுகள், அளவுக்கு 4 பைட் என்று வைத்தால் 5,040 பைட். பெயர்களோடு சேர்த்து 6 கிலோபைட்டுக்குள் அடங்கும். ஆனால் 500 பேட்ச் பதிவுக்கு, பதிவுக்கு 64 பைட் என்றாலே 32,000 பைட். 1200-ல் கரண்ட் போனாலும் நிற்கும் இடம், வகையையும் பதிப்பையும் பொறுத்து, பொதுவாக 10 முதல் 14 கிலோபைட்தான். 1511-ல் 88 கிலோபைட் கிடைக்கும். இந்த எண்களை உங்கள் பிளாக்குகளின் உண்மையான அளவை வைத்து மறுபடி கணக்கிடுங்கள். புதிய பிஎல்சிகளுக்கான டிஐஏ போர்ட்டல் மென்பொருளில் புரோகிராம் இன்ஃபோ பக்கத்தின் ரிசோர்சஸ் தாவல் கம்பைல் செய்ததும் சரியாகக் காட்டும். இடம் போதவில்லை என்று பேட்ச் பதிவை ஒவ்வொரு ஸ்கேனிலும் (புரோகிராம் ஓடும் ஒவ்வொரு சுற்றிலும்) கார்டில் எழுதச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கார்டுக்கு எழுதும் ஆயுள் உண்டு. பேட்ச் முடியும்போது ஒருமுறை எழுதினால் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய புரோகிராம் எஸ்டிஎல் என்ற மொழியில் எழுதப்பட்டிருந்தால் 1200 அதை ஏற்காது. பழைய டைமர்களையும் ஏற்காது. 1500 இரண்டையும் ஏற்கும். ஆனால் 1500-ல் எம்பிஐ (பழைய தொடர்பு முறை) போர்ட் கிடையாது. உங்கள் பேனல் எம்பிஐ-யில் பேசினால் அதற்கும் இப்போதே செலவு போடுங்கள்.

ஃபீல்டு வயர்களைத் தொடாமல் மாற்றவும் வழி உண்டு. இப்போதைய ரேக்கில் சிபியுவின் இடத்தில் ஐஎம் 153-4 இன்டர்ஃபேஸ் மாட்யூலைப் போட்டு, அதே ஐ/ஓ (சிக்னல்களை வாங்கி அனுப்பும்) கார்டுகளை அதே வயரிங்கோடு வைத்துக்கொண்டு, புதிய 1500-ஐ ப்ரொஃபிநெட் நெட்வொர்க்கில் இணைக்கலாம். இரண்டு நாளில் வயர் கழற்றி மாட்டும்போது நேரும் தவறுகள் இதில் இல்லை. ஐ/ஓ கார்டுகளும் உற்பத்தி நிறுத்தப் பாதையில் இருக்கும் வரிசை என்பதால் உதிரி இரண்டு வாங்கி வைக்க வேண்டும்.

புது சிபியுவில் மாறும் இயல்புகள்

மாற்றத்தில் அதிகம் இடறுவது இங்கேதான். 315-ல் டேட்டா பிளாக்குகளுக்கு நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் கரண்ட் போனால் மதிப்பு நிற்கும். 1500-ல் புதிதாக உருவாக்கும் பிளாக்கில் 'ரிட்டெய்ன்' டிக் போட்டால்தான் நிற்கும். ஷட்டவுனில் எல்லாம் சரியாக ஓடும். முதல் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையில் ரெசிப்பி எல்லாம் ஆரம்ப மதிப்புக்குப் போய் நிற்கும்.

ஸ்காடா, டேட்டா பிளாக்கின் எண்ணையும் பைட் இடத்தையும் வைத்துப் படிக்கிறது. 1500-ன் ஆப்டிமைஸ்டு பிளாக்கில் நிலையான பைட் இடம் என்று ஒன்று இல்லை. ஸ்காடா பார்க்கும் பிளாக்குகளுக்கு மட்டும் ஆப்டிமைஸ்டு டிக்கை எடுத்துவிட்டு, சிபியுவின் புட்/கெட் (வெளிக் கருவிகள் படிக்க, எழுத) அனுமதியைப் போடுங்கள். டிஐஏ போர்ட்டல் வி17 முதல் பாதுகாப்பான தொடர்பை மட்டும் ஏற்கும் அமைப்பு இயல்பாகவே போடப்பட்டிருக்கும். பழைய ஸ்காடாவுக்கு அதையும் தளர்த்த வேண்டிவரும். தளர்த்தினால் அந்த நெட்வொர்க்கை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரித்தே வையுங்கள், ரிமோட் மோடத்தையும் அதில் சொருகாதீர்கள். மோட்பஸ் என்ற தொடர்பு முறையில் படிக்கும் கருவி ஏதாவது இருந்தால், 25.0 காட்ட வேண்டிய இடத்தில் 0.00 தெரிந்தால் சென்சாரைத் திட்டாதீர்கள். அந்த எண்ணின் இரண்டு வேர்டும் (16 பிட் பாதிகள்) இடம் மாறியிருக்கும்.

வெப்பநிலை போன்றவற்றைத் தானாகச் சீராக்கும் பிஐடி பற்றிச் சுருக்கமாக: பழைய பிஐடி பிளாக்கான எஃப்பி41-ல் இன்டெக்ரல் நேரம் 'டைம்' வகை. புதிய பிளாக்கான பிஐடி காம்பாக்ட்டில் அது நொடியில் சொல்லும் ரியல் எண். கணக்கிடும் முறையும் வேறு. பழைய கெயின் எண்ணை அப்படியே தட்டிவிட்டு ஆவி வால்வைத் திறக்காதீர்கள், தண்ணீரை வைத்து ஓட்டிப் பார்த்து ட்யூன் செய்யுங்கள்.

பிறகு ஒரு நாள் யாராவது ஒரு டேட்டா பிளாக்கில் புது வரி ஒன்று சேர்த்து டவுன்லோடு செய்தால், அந்தப் பிளாக் முழுவதும் ஆரம்ப மதிப்புக்குத் திரும்பக்கூடும். டவுன்லோடு திரையில் 'ரீஇனிஷியலைஸ்' என்ற சொல் வந்தால் கை நிற்கட்டும். முதலில் ஸ்னாப்ஷாட் (இன்றைய மதிப்புகளின் பிரதி) எடுத்து, அதைத் தொடக்க மதிப்புகளாகக் காப்பி செய்து, பிறகு டவுன்லோடு. இந்த மூன்றையும் பேனல் கதவுக்குள் ஒட்டி வையுங்கள்.

ஆயுத பூஜையா, பொங்கலா?

என் யோசனை: ஆயுத பூஜை விடுமுறையில் மாற்றாதீர்கள், ஒத்திகை பாருங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம் அது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயலும் 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சலும் இந்தக் கரையைக் கடந்ததை உங்கள் ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதுப் பேனல் இன்னும் நிலைகொள்ளாத வாரங்களில் கரண்ட் நாள்கணக்கில் போய்விட்டால் எந்த மதிப்பு ஏன் மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய 315 இப்போது கோளாறு ஏதும் தரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்லோடு, பட்டியல், சிபியு வாங்குவது எல்லாம் இப்போது, மாற்றம் பொங்கலுக்கு.

இடையில் புதிய சிபியுவை மேசையில் 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையில் வைத்து, ரெசிப்பிகளை ஏற்றி, பவரை அணைத்து, ஒரு நாள் கழித்துப் போட்டு 42-ஐயும் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கணினி சிமுலேஷன் இதைக் காட்டாது, நிஜச் சிபியுவில்தான் பார்க்க வேண்டும். மாற்றும் நாளில் "இந்த நேரத்துக்குள் ஓடாவிட்டால் பழைய சிபியுவுக்குத் திரும்புவோம்" என்று மணியை முன்பே தாளில் எழுதுங்கள். பழைய 315-ஐயும் அதன் கார்டையும் அதுவரை யாரும் ரீசெட் செய்யக் கூடாது.

பூட்டும் உரிமையும்

இதில் உங்கள் எண்ணத்தைச் சற்றுத் திருத்த வேண்டும். பணம் கொடுத்து எழுத வைத்ததாலேயே புரோகிராம் உங்களுடையது ஆகிவிடாது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி புரோகிராமும் ஒரு படைப்பு. வெளி ஒப்பந்தக்காரர் எழுதினால், எழுத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை உரிமை பொதுவாக அவரிடமே இருக்கும். ஆகவே பழைய பர்சேஸ் ஆர்டரைத் தேடி, சோர்ஸ் (திறந்து திருத்தக்கூடிய மூலப் புரோகிராம்) பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சட்டப்படி உங்களிடம் இருக்கும் புரோகிராமுக்குப் பாதுகாப்புப் பிரதி எடுத்து வைக்க அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு இடம் தருகிறது. அதனால் அப்லோடு செய்யத் தயங்க வேண்டாம். ரெசிப்பி அளவுகளோ உங்கள் தயாரிப்பு அறிவு. அவற்றை யாரும் பூட்டி வைக்க முடியாது. பிளாக் பூட்டியிருந்தாலும் டேட்டா பிளாக்கின் மதிப்புகளை வேரியபிள் டேபிளில் ஆன்லைனாகப் படித்துவிடலாம்.

ஆனால் பூட்டிய பிளாக்கை சோர்ஸ் இல்லாமல் 1500-க்கு மாற்ற முடியாது. அதற்கு மூன்றே வழிதான்: எழுதியவரிடம் விலை பேசி சோர்ஸ் வாங்குவது, அதே வேலையைச் செய்யும் பிளாக்கைப் புதிதாக எழுதுவது, அல்லது அது கிடைக்கும்வரை மாற்றத்தைத் தள்ளிப்போடுவது. முதல் வழியை மரியாதையாகப் பேசிப் பாருங்கள்; அவர் வேறு ஊரில் வேறு வேலைக்குப் போயிருந்தால் சோர்ஸ் கொடுப்பதில் அவருக்கு இழப்பு ஒன்றுமில்லை. புதிய ஒப்பந்தக்காரரின் இரண்டு நாள் கணக்கில் இந்தப் பிளாக்குகள் சேர்ந்திருக்கின்றனவா என்று எழுத்தில் கேளுங்கள். அவருடைய ஆர்டரில் இவை வரட்டும்: குறிப்புகளோடு கூடிய முழு புராஜெக்ட், எல்லாப் பாஸ்வேர்டும் மூடிய உறையில், எந்தப் பிளாக்கும் பூட்டாமல், பவர் அணைத்து ரெசிப்பி நிலைத்ததற்கான கையெழுத்திட்ட சோதனைத் தாள். கடைசித் தவணைப் பணத்தை அந்தத் தாளோடு சேர்த்துக் கட்டுங்கள்.